கூப்பிடாமல் வந்தவை

என் அக்காவைக் கட்டியவர் பல் செய்கிறவர். பல் பிடுங்குகிறவர் இல்லை, செய்கிறவர். இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் விசேஷங்களில் யாராவது ஒருவர் அவர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அத்தான் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மேலே மெழுகைச் செதுக்கி, கடைசியில் ஒரு பல் வரிசையாக்கித் திருப்பி அனுப்பிவிடுவார். ஊரில் பாதிப் பேர் அவர் கைப் பல்லால்தான் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

வேலை செய்யும் இடம் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்க அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரியும். மேஜை நிறைய யார் யாருடைய வாய்களோ வெள்ளையாகப் பிளந்து கிடக்கும். அத்தனை வாய்களுக்கு நடுவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தும் அவர் மட்டும் பேசமாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று எங்கள் வீட்டில் கேட்பதுண்டு. ஊரார் வாய்க்கெல்லாம் முத்துக் கட்டிக் கொடுக்கிற மனிதர், தன் வாய் முத்தை மட்டும் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

அவருடைய பதில் எதற்கும் 'ம்'தான். சாப்பாடு ஆயிற்றா? ம். உப்பு சரியாக இருக்கிறதா? ம். மகளுக்கு இந்த வரனை முடித்துவிடலாமா? அதற்கும் ம். கல்யாணமான புதிதில் அக்கா அழுதிருக்கிறாள். பிறகு அந்த 'ம்'மைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். குட்டையாக வந்தால் சரி, இழுத்து வந்தால் யோசிக்கிறார், மூக்கிலேயே நின்றுவிட்டால் கோபம் என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறாள். நான் வாஷிங்மெஷின் ரிப்பேர்காரன். வீடு வீடாகப் போய் வாயடித்துத்தான் பிழைக்கிறேன். எனக்கு அந்தப் பாடம் கடைசிவரை ஏறவில்லை. மனுஷன் ஒரு வார்த்தை பேசினால் குடி முழுகியா போய்விடும் என்று எரிச்சல்தான் வரும்.

மகளுக்கு வெளிநாட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது அக்கா துணைக்குப் போனாள். குழந்தைகளுக்குத் தலை நின்றதும் திரும்பிவிடுவதாகப் பேச்சு. தலை நின்றது. பிறகு தவழட்டும் என்றார்கள், நடக்கட்டும் என்றார்கள், மகள் வேலையில் சேர்ந்து கொஞ்சம் நிலைக்கட்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா போனில் அத்தானிடம் கேட்டாள்: "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமா?" அவர் ஒவ்வொரு முறையும் "ம்" என்றார். அது எந்த 'ம்' என்று அத்தனை தூரத்திலிருந்து அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அத்தான் தனியாக இருந்தார். மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு. நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். வேலை முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்ப்பேன். ரேடியோ ஓடாது, டி.வி. ஓடாது. ஒரு தட்டு, ஒரு டம்ளர் மட்டும் கழுவிக் கவிழ்த்திருக்கும். அந்த ஒற்றைத் தட்டைப் பார்த்ததும் ஏதாவது உளறிக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் தொட்டி வந்தது. அவருக்கு வேலை கொடுக்கும் பல் டாக்டர் ஒருவர் கிளினிக்கை வேறு இடத்துக்கு மாற்றினார். காத்திருப்போர் அறையில் இருந்த கடல்நீர் மீன் தொட்டியை எடுத்துப் போக யாரும் தயாராக இல்லை. அத்தானைக் கேட்டிருக்கிறார். அத்தான் 'ம்' என்றிருக்கிறார். தூக்கியது நான். கண்ணாடித் தொட்டி, கடல் பாறைகள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், பம்பு, நீல விளக்கு எல்லாவற்றையும் மூன்று மாடி ஏற்றுவதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. ஒரு மீனைக் கையில் கொடுத்தாலும் குழம்புக்கா வறுவலுக்கா என்று தெரியாத மனிதருக்கு இது எதற்கு என்று நான் அன்று முழுக்கப் புலம்பினேன்.

ஆனால் அத்தானுக்கு அது பொருந்திப்போயிற்று. உப்பை அளந்து கரைப்பது, ஆவியான தண்ணீரை நல்ல தண்ணீர் விட்டு ஈடுகட்டுவது, சோதனைக் குழாயில் நிறம் பார்ப்பது எல்லாம் மெழுகும் பிளாஸ்டரும் கலந்த கைக்குப் புதிதில்லை. கூடத்துச் சாப்பாட்டு மேஜை முழுவதும் உப்பு டப்பாக்களும் குழாய்களும் வாளிகளும் ஏறிக்கொண்டன. நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டார். மீன் விற்கும் கடைக்காரம்மாவிடமிருந்து நகத்தளவு பச்சைப் பவளத் துண்டு ஒன்றை வாங்கி வந்து மேல் பாறையில் ஒட்டினார். அதற்கு ஊசியால் தீனி ஊட்டினார். அது உள்ளங்கை அளவு வளர்ந்து, தண்ணீர் ஓட்டத்தில் விரல்களை ஆட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பச்சையைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் இளகும்.

கடல் பாறை வாங்கினால் பாறை மட்டும் வராது; அதன் பொந்துகளில் ஒரு கிராமமே ஒளிந்துகொண்டு கூடவே வரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் ஒரு நண்டு. மயிர் அடர்ந்த காலோடு இருட்டில் இறங்கி வந்து பவளத்தைக் கிள்ளிவிட்டு, விளக்குப் போட்டதும் நல்ல பிள்ளையாகப் பொந்துக்குள் போய்விடும். அத்தான் ஒரு கண்ணாடி டம்ளரில் இறால் துண்டைப் போட்டுப் பாறையோரம் சாய்த்து வைத்தார். காலையில் நண்டு உள்ளே. வழுக்குகிற கண்ணாடியில் ஏற முடியாமல் இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு எங்களை முறைத்தது. அதைக் கடைக்காரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். இந்த மாதிரி ரவுடிகளுக்கென்றே அவரிடம் ஒரு தனித் தொட்டி இருந்தது. அடுத்து உடம்பெல்லாம் முள்ளாக ஒரு புழு. அதை இடுக்கியால் பிடித்தார். கையில் ஏறிய முட்களை ஒட்டும் டேப் போட்டு உரித்தார். அழையா விருந்தாளிகளை இவ்வளவு நாசூக்காக வெளியேற்றுகிறவரை நான் பார்த்ததில்லை. எங்கள் சொந்தக்காரர்களில் சிலரையும் இவர் பொறுப்பில் விடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக வந்ததுதான் களை. கடைக்காரம்மா அதை அப்படித்தான் சொல்வார். பார்த்தால் களை மாதிரி இருக்காது. கண்ணாடியில் செய்த சின்னப் பூ போல, பழுப்பு நிறத்தில், மெல்லிய இழைகளை விரித்துக்கொண்டு நிற்கும். ஆனால் பூவும் இல்லை, செடியும் இல்லை. கொட்டுகிற பிராணி. விரலை நீட்டினால் பொந்துக்குள் இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடித்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அத்தான் இங்கேதான் தன் தொழிலால் ஏமாந்தார். செதுக்கியே பழகிய கை. மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்து, பல்லிலிருந்து பிசிறு நீக்குவது போல, அந்தப் பூவைப் பாறையிலிருந்து சுத்தமாக வழித்தெடுத்துவிட்டார். வேலை அவ்வளவு நறுவிசு. ஆனால் அது வழித்தால் சாகிற ஜாதியில்லை. சிந்திய துணுக்கெல்லாம் தனித்தனிப் பூவாக எழுந்திருக்கும். ஒன்று இருந்த இடத்தில் கொஞ்ச நாளில் ஒரு குடும்பமே நின்றது. கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். எலுமிச்சைச் சாற்றை ஊசியில் ஏற்றி ஒவ்வொன்றின் வாயிலும் செலுத்த வேண்டும், கத்தி மட்டும் கூடவே கூடாது என்றார். அத்தான் பல் டாக்டர்களிடமிருந்து மெல்லிய ஊசி வாங்கி வந்தார். எலுமிச்சம்பழமும் வாங்கினார். மறுநாள் வேலையை ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

அன்று சாயங்காலம் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். நானும் அங்கே இருந்தேன். வழக்கமான கேள்விகள், வழக்கமான ம். பேச்சு தீர்ந்துபோய் இரண்டு பேரும் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கடம் தாங்காமல் நான்தான் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். அக்காவின் மடியில் ஒரு பேத்தி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார்கள்.

"அது என்னங்க, பாறை ஓரத்துல? பூ மாதிரி. எவ்வளவு அழகா இருக்கு."

அத்தான் களை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தொட்டியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "காத்துல ஆடற மாதிரி ஆடும்" என்றார். "தொட்டா உள்ள போயிடும். கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா எட்டிப் பார்க்கும். விளக்கை அணைச்சா வேற மாதிரி விரியும்."

நான் மயங்கி விழாதது அதிசயம். அவர் அத்தனை வாக்கியங்களைத் தொடர்ந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைக்கும்போது, "என் பூவைப் பத்திரமா பார்த்துக்கங்க" என்றாள்.

எலுமிச்சம்பழம் மேஜையிலேயே காய்ந்து சுருங்கியது.

அதற்குப் பிறகு தினமும் அதே பேச்சுதான். என் பூ எப்படி இருக்கு என்று அவள் கேட்பாள். இடது பக்கம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, பின்னால் இருப்பது விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது, கோமாளி மீன் கிட்டே போகப் பயப்படுகிறது என்று இவர் சொல்வார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். போன் வரும் நேரம் நெருங்கினால் கண்ணாடியைத் துடைத்து வைப்பார். மிச்ச நேரமெல்லாம் வீடு பழையபடியே இருக்கும். ஒரு தட்டு, ஒரு டம்ளர். மேஜையில் இடம் இல்லாததால் தொட்டி ஓரமாக நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன அத்தான் என்றால், 'ம்'.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்கள். அந்தக் களை இரண்டையும் பிடுங்கியது. கண்ணாடியில் ஒட்டியது, பம்பின் மூடியில் ஏறியது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, கீழே இருந்த சின்னப் பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. கடைக்காரம்மா அந்தத் தொட்டியிலிருந்து ஒரு துண்டுகூடத் தன் கடைக்குள் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. களையைத் தின்னும் ஒரு வகை இறால், சிவப்புக் கோடு போட்டது, கடைக்காரம்மாவிடம் இருந்தது. நானே சில வாங்கிக்கொண்டு போய் அத்தான் கையில் கொடுத்தேன்.

அடுத்த முறை போனபோது இறால்கள் தொட்டியில் இல்லை. ஜன்னல் ஓரம் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில், தனிக் காற்றுக் குழாய் வைத்து, தனித் தீனி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கித் தந்ததை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை; பூவுக்குப் பக்கத்தில் விடவும் மனம் வரவில்லை. திருடனுக்கு வீட்டைத் திறந்து விட்டுவிட்டுப் போலீசை லாக்கப்பில் வைத்த ஒரே மனிதர் உலகத்திலேயே என் அத்தான்தான். சிரித்துவிட்டேன். பிறகுதான் மேல் பாறையைப் பார்த்தேன். பச்சைப் பவளத்தை ஒரு மூலைக்கு நகர்த்தியிருந்தார். அதன் அடியிலும் இரண்டு களை முளைத்திருந்தன.

"அத்தான், இது செத்துடும்."

"ம்."

"அப்புறம் எதுக்கு இதை விட்டு வெச்சிருக்கீங்க?"

அவர் பச்சையை இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அவரிடம் அக்காவுக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை. அந்தப் பூக்கள் போய்விட்டால் அவர் மறுபடி 'ம்'முக்குத் திரும்ப வேண்டும். அதற்கு விலையாகத் தன் பச்சையைத் தவணை தவணையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு அவரைத் திட்டவும் தோன்றவில்லை, கட்டிக்கொள்ளவும் தெரியவில்லை.

மழைக்காலம் முடியும்போது பச்சை விரல்களைச் சுருக்கிக்கொண்டது. கொஞ்ச நாளில் வெறும் வெள்ளை எலும்பு மிஞ்சியது. அவர் அதை எடுத்துப் போடவில்லை. அந்த வாரமே அக்கா ஊருக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஒரு மாத விடுப்பு மாதிரிதான். திரும்பிப் போக டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஆனால் அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள், மகளும் மாப்பிள்ளையும் அவளை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பேசுகிறார்கள் என்று. "நான் இன்னும் பதில் சொல்லலைடா. ஒரு தடவை வீட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்னு இருக்கேன்" என்றாள்.

இதை நான் அத்தானிடம் சொன்னேன். சும்மா இருக்க என்னால் முடியாது. அவர் இழுத்து 'ம்' என்றார். பிறகு தொட்டியைத் திரும்பிப் பார்த்து, "பூவெல்லாம் நல்லா இருக்கு" என்றார். அவளுடைய பூ இங்கே இருந்தால் அவளும் இருந்துவிடுவாள் என்று அந்த மனிதர் நம்பியிருந்தார்.

அக்கா வந்தாள். நான்தான் போய் அழைத்து வந்தேன். பெட்டியைக் கூடத்தில் வைத்ததும் நேராகத் தொட்டி முன்னால் போய் நின்றாள். போனில் உள்ளங்கை அளவு தெரிந்தது இப்போது நாலு பக்கமும் பழுப்பாக அசைந்துகொண்டிருந்தது. மீன்கள் இரண்டும் மேல் மூலையில் ஒடுங்கி நின்றன.

"அந்தப் பச்சை எங்கங்க? முன்னாடி போன்ல ஓரமா தெரியுமே, கையை ஆட்டிக்கிட்டு."

"போயிடுச்சு."

"ஏன்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். "இது கொட்டிடுச்சு" என்றார்.

அக்கா திரும்பினாள். "இது களைன்னு எனக்கு எப்பவோ தெரியுங்க. மாப்பிள்ளை போன்ல பார்த்துட்டு அன்னிக்கே சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா தினம் கேட்ட?"

"வேற எதைக் கேட்டாலும் 'ம்'னுதானே சொல்றீங்க. இதைக் கேட்டாத்தான் உங்க குரல் கேக்குது." மேல் பாறையிலிருந்த வெள்ளை எலும்பைப் பார்த்தாள். "ஆனா அது பச்சையைக் கொல்லும்னு எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம்ல."

இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எனக்குக் கண் கலங்கினால் மூக்கும் சேர்ந்து ஒழுகும். அது எதற்கு அங்கே.

மறுநாளே அக்கா மேஜையைக் காலி செய்தாள். உப்பு டப்பாக்கள் பால்கனிக்குப் போயின. நாற்காலிகள் விரிந்தன. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். ஜாடியிலிருந்த இறால்களைத் தொட்டியில் விட்டவளும் அவள்தான். "போங்கடா, பசியாறுங்க" என்று சொல்லிக் கவிழ்த்தாள். சின்னக் களைகளை அவை தின்னும். பெரியதை ஊசியால்தான் முடிக்க வேண்டும். அக்கா எலுமிச்சையைப் பிழிந்து வடிகட்டித் தருவாள். டார்ச் பிடிப்பாள். அத்தான் பல்லுக்கு வர்ணம் தீட்டும்போது வைத்திருக்கும் அதே நிதானத்தோடு, ஊசி முனையை ஒவ்வொரு பூவின் நடுவிலும் வைப்பார். அது சுருண்டு கரைந்து வெண்மையாகும். சாயங்காலங்களில் இதுதான் வேலை. நான் போகும்போதெல்லாம் இரண்டு தலைகளும் கண்ணாடிக்கு முன்னால் ஒட்டியபடி இருக்கும். அங்கே இருக்கு பாருங்க, பம்புக்குப் பின்னால ஒண்ணு ஒளிஞ்சிருக்கு என்று அவள் காட்டுவாள். அந்த வீட்டில் நான் பார்த்த நல்ல நாட்கள் அவைதான். பேசாமல் திரும்பி வந்துவிடுவேன், நானே.

ஆனால் டிக்கெட்டில் இருந்த தேதி நெருங்கியது. அக்கா துணிகளை மடிக்கும்போது மெதுவாக மடித்தாள். ஒரே புடவையை மூன்று தரம் உதறினாள். அவர் பெட்டிக்குக் கயிறு தேடிக் கொடுத்தார். பூட்டுக்கு எண்ணெய் போட்டார். என்ன மனிதர் இவர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளம்புகிற அன்று அவள் வாசலில் நின்று, "வரட்டுங்களா?" என்றாள். அவர் 'ம்' என்றார்.

வண்டியில் போகும்போது அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பேசாமல் இருந்துவிட வேண்டியதுதானே, உன் வீடுதானே, யார் உன்னைப் போகச் சொன்னார்கள் என்று கத்திவிட்டேன்.

"யாரும் போகச் சொல்லலை. இருன்னும் சொல்லலை" என்றாள் அக்கா. "அந்தத் தொட்டியில எல்லாம் கூப்பிடாம வந்து உக்காந்துச்சுங்கடா. நான் அப்படி உக்கார மாட்டேன். முப்பது வருஷமா அவர் மனசுல என்ன இருக்குன்னு நானே யூகிச்சு யூகிச்சுக் குடும்பம் நடத்திட்டேன். இந்த ஒரு தடவை அவரே சொல்லட்டும்."

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"நீ சொன்னேன்னா உன்னோட பேசவே மாட்டேன். நீ சொல்லிக் குடுத்து அவர் கூப்பிட்டா, அது நீ கூப்பிட்டதுதான்."

என் மாதிரி ஓட்டை வாய்க்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. தொண்டைக்குழி வரை வந்ததை விழுங்கி விழுங்கி நடமாடினேன். அத்தான் வீட்டுப் பக்கம் போகவே பயமாக இருந்தது. போனால் சொல்லிவிடுவேன்.

அவர் மிச்சமிருந்த களைகளைத் தனியாகவே முடித்துக்கொண்டிருந்தார். இறால்களும் தங்கள் பங்குக்கு மேய்ந்தன. அக்கா சாயங்காலம் கூப்பிடுவாள். இன்னும் எத்தனை இருக்கிறது என்பாள். குறைந்துகொண்டே வருகிறது என்பார். பேச்சும் கூடவே குறைந்துகொண்டு வந்தது. உப்பு டப்பாக்கள் பால்கனியில் நனைகின்றன என்று ஒவ்வொன்றாக மேஜைக்குத் திரும்பின. நாற்காலிகளும் மடங்கிச் சுவரோரம் போயின.

ஒருநாள் அவரே எனக்குப் போன் செய்து பம்பில் சத்தம் வருகிறது என்றார். கருவிப் பையோடு போனேன். தொட்டி பளிச்சென்று இருந்தது. பாறைகள் வெறிச்சென்று, இரண்டு மீன்கள், சில இறால்கள், மேலே அந்த வெள்ளை எலும்பு. ஒரு பூகூட இல்லை. அவர் ஜன்னல் ஓரம் தட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து பம்பைக் கழற்றும்போது அக்காவின் அழைப்பு வந்தது. அவர் தட்டை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"பூ இருக்கா?"

"இல்ல. எல்லாம் தீர்ந்துடுச்சு."

"நல்லதுதான். இனி வேற பவளம் வாங்கி வைக்கலாம்." கொஞ்சம் இடைவெளி. "சாப்பிட்டீங்களா?"

"ம்."

"மாத்திரை?"

"ம்."

பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. "சரிங்க, அப்ப வெச்சிடட்டுமா?" என்றாள் அக்கா.

அவர் தொட்டியைப் பார்த்தார். காட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் திருகாணியைக் கடித்துக்கொண்டு பம்பைப் பார்த்தேன்.

"இரு" என்றார். "சாப்பிடலை. பாதியில வெச்சுட்டேன். நீ போனதுல இருந்து நான் உக்காந்து சாப்பிடறதே இல்ல. நின்னுக்கிட்டே சாப்பிடறேன். உக்காந்தா எதிர் நாற்காலி தெரியுது. அதான் மேஜை நிறைய சாமானை வெச்சிருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு இங்க தனியா முடியலை. நீ வந்துடு."

போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று நானே எட்டிப் பார்த்தேன். பிறகு அக்காவின் குரல் வந்தது.

"ம்."

அதோடு குழந்தை வீறிட்டு அழுதது, இணைப்பு நின்றது.

அத்தான் போனைப் பிடித்தபடியே நின்றார். பம்பு இல்லாத தொட்டியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தவிப்பு.

"தம்பி, 'ம்'னுட்டு வெச்சுட்டா. வரேங்கிறாளா, சும்மா கேட்டுக்கிட்டாளா? எப்படித் தெரிஞ்சுக்கறது?"

எத்தனையோ மாதங்களாகத் தொண்டையில் சேர்த்து வைத்திருந்ததில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் வெளியே விட்டேன்.

"அக்காவும் முப்பது வருஷமா இதையேதான் யோசிச்சுக்கிட்டிருந்தா அத்தான்."

அவர் என்னைப் பார்த்தபடியே நாற்காலியை விரித்தார். டப்பாக்களைக் கையால் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மேஜை முன்னால் உட்கார்ந்தார். எப்போதும் அக்காதான் கூப்பிடுவாள். அந்தப் போனிலிருந்து அவளுக்கு ஓர் அழைப்பு போய் நான் பார்த்ததில்லை. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எண்ணைத் தேடித் தேடி, அவளைத் திரும்பக் கூப்பிட்டார்.